பெரியவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கலாமா?

"அப்பா, இனிமே நீங்க வயலுக்கு வரவேண்டாம். வீட்டோட இருங்க, நாங்க பார்த்துக்கிறோம்."

அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் பல வீடுகளில் மகன் தகப்பனாரிடம் சொல்கிற சொல் இது. அன்போடு சொல்வதுதான். ஐம்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கை இனியாவது சும்மா இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். பெரியவர் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, திண்ணையில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். காலையில் காப்பி, பிறகு டெலிவிஷன், சாப்பாடு, தூக்கம், மறுபடியும் டெலிவிஷன்.

இரண்டு மூன்று ஆண்டு கழித்து வீட்டார் ஒரு மாறுதலைக் கவனிக்கிறார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். பால் பணம் வாங்கியதை வாங்கவே இல்லை என்று சாதிக்கிறார். கோயிலுக்குப் போனவர் திரும்பும்போது தெரு மாறி நிற்கிறார். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் பேசி முடித்துவிடுகிறார்கள்.

நாற்காலிதான் இந்த மறதியைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. மூளையில் நோய் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, அதனாலேயே அவர் வேலையில் சோர்ந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். ஆனால் உடல் அசையாமல் கிடப்பது மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்று என்பதில் இன்று டாக்டர்களிடையே அதிகக் கருத்து வேற்றுமை இல்லை. "லான்செட்" என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024ல் அப்படிப்பட்ட காரணங்கள் பதினான்கைப் பட்டியலிட்டது. உடலுழைப்புக் குறைவு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, புகை, குடி, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் அடங்கும். இவற்றை எல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகில் 100 பேருக்கு வரும் மறதி நோயில் 45 பேருடையதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அந்தக் குழுவின் கணிப்பு. ஆகவே, "வயசாச்சு" என்பது பாதி பதில்தான்.

கிராமத்தில்தான் கூடுதல்

மறதி நோய் பட்டணத்து நோய், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வருவது என்ற எண்ணம் கிராமங்களில் உண்டு. கணக்கு வேறாக இருக்கிறது. இந்தியா முழுவதும் முதியோரைச் சோதித்து 2023ல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருக்கிறது. அதாவது சுமார் 88 லட்சம் பேர். நகரத்தில் நூற்றுக்கு 5.3 பேர் என்றால் கிராமத்தில் 8.4 பேர். ஆண்களில் 5.8, பெண்களில் 9.

நாளெல்லாம் உழைக்கிற கிராமத்தாருக்கு ஏன் கூடுதலாக வரவேண்டும்? பள்ளிப் படிப்பு குறைவாகக் கிடைத்தது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இளமையில் படிப்பால் பழகிய மூளை, பிற்காலத்தில் தேய்மானத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது. பெண்களுக்கு எண்ணிக்கை கூடுவதற்கும் இதில் பங்கு உண்டு. இன்று 70 வயதாகும் கிராமத்துப் பாட்டிமாரில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் குறைவு. கொதிப்பு இருப்பது தெரியாமலே வருஷக்கணக்கில் நடமாடுவது இன்னொரு காரணம். விறகுப் புகை, காற்று மாசு ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. கர்நாடகத்தில் மாம்பழத்துக்குப் பேர்போன கோலார் மாவட்டத்து சீனிவாசபுரம் தாலுகாவில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையத்தார், 45 வயதுக்கு மேற்பட்ட கிராமத்தாரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதிக்கும் ஆய்வு ஒன்றை மேற்கொண்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்தார் அதில் சேர்ந்திருக்கிறார்கள். விவசாயக் குடும்பங்களின் மூளை நலம் ஆராய்ச்சிக்கு உரிய விஷயம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டதே ஒரு நல்ல காரியம்.

உழைப்பிலும் இரண்டு வகை

"நாங்கள் உழைக்காத உழைப்பா? எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று உழவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான பதில் சற்றுக் கசப்பானது. நார்வே நாட்டில் 7,000க்கும் மேற்பட்ட முதியோரை வைத்து நடந்து 2023ல் வெளியான ஆய்வு, அவர்கள் 33 வயதிலிருந்து 65 வயது வரை என்ன வேலை பார்த்தார்கள் என்று ஆராய்ந்தது. காலமெல்லாம் கடும் உடலுழைப்பு வேலையிலேயே இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நினைவுக் குறைவு கூடுதலாகவே காணப்பட்டது.

முதுகு ஒடிய உழைப்பது தானாக மூளையைக் காப்பதில்லை என்று இதற்குப் பொருள். நேரம் தவறாமல், ஓய்வில்லாமல், பிறர் வைத்த வேகத்துக்கு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை உடம்பைத் தேய்க்கிறது. கூலிக்கு நாற்று நடும் பெண்ணின் நிலை இதுதான். தன் வேகத்தில், தன் விருப்பத்தில், அலுத்தால் வரப்பில் உட்கார்ந்து, பார்த்து யோசித்துச் செய்யும் வேலை வேறு. அறுபது வயதில் ஒருவர் விடவேண்டியது முதல் வகை. அதைக் குறைக்கிறோம் என்று இரண்டாவதையும் சேர்த்து வெட்டிவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு.

இந்த இரண்டாவது வகை உழைப்பு வாழ்க்கை முழுவதும் நீடித்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தொலைதூரத்தில் ஓர் உதாரணம் உண்டு. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டுக் காடுகளில் வாழும் சிமானே மக்கள் காட்டைத் திருத்தி நெல், வாழை, மரவள்ளி பயிரிடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், வேட்டைக்குப் போகிறார்கள். வயதானவர்களும் கடைசிவரை தங்களால் ஆனதைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். இவர்களுடைய இருதய இரத்தக் குழாய்கள் வேறெந்த மக்களிடமும் காணாத அளவுக்கு அடைப்பின்றி இருப்பதாக 2017ல் ஒரு ஆய்வு கூறியது. 2022ல் வந்த ஆய்வில், அவர்களில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் மறதி நோய் உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவரை ஒட்டியே இருந்தார்கள். சிறுசிறு மறதி அவர்களுக்கும் உண்டு. முற்றிய நோய்தான் அபூர்வம். அந்த மக்களுக்கு வேறு கஷ்டங்கள் அதிகம், தொற்று நோய்களும் அதிகம். அவர்களைப் போல் வாழவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேலையிலிருந்து முழு ஓய்வு என்ற ஒன்று அவர்களிடம் இல்லை என்பது மட்டும் கவனிக்கத்தக்கது.

மூளையின் கடைமடை

உடல் அசைந்தால் மூளைக்கு என்ன நன்மை என்பதை வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். மூளையின் எடை உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் அதிகம் கேட்கும் பயிர் அது. பெரிய குழாய்களில் வரும் இரத்தம் கிளை கிளையாகப் பிரிந்து, மூளையின் உட்பகுதிக்குப் போகும்போது மயிரிழை போன்ற குழாய்களாகிவிடுகிறது. அந்த உட்பகுதிதான் கடைமடை. கொதிப்பாலும் சர்க்கரையாலும் குழாய்ச் சுவர் தடித்துப்போனால் முதலில் வாடுவது கடைமடைதான். நடப்பதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதும் கொதிப்பைக் குறைக்கின்றன. இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசை எடுத்துச் செலவழித்துவிடுகிறது.

இது மட்டுமல்ல. மூளைக்குள் நினைவைப் பதியவைக்கும் பகுதி ஒன்று உண்டு. "ஹிப்போகேம்பஸ்" என்று பெயர். முதுமையில் இது ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. அமெரிக்காவில் 120 முதியோரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிஷம் நடக்கவைத்தார்கள். மற்றப் பிரிவுக்குக் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருஷம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது, நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி நூற்றுக்கு இரண்டு பங்கு பெருத்திருந்தது; மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. 2011ல் வெளியான முடிவு இது.

எவ்வளவு நடப்பது? கிழவர்களை ஓடச் சொல்லவேண்டியதில்லை. இங்கிலாந்தில் சுமார் 78,000 பேரின் கையில் கருவி கட்டி அடிகளை எண்ணிய ஆய்வு 2022ல் வந்தது. ஒரு நாளைக்கு 3,800 அடி எடுத்துவைத்தவர்களுக்கே மறதி நோய் ஏற்படுவது கால் பங்கு குறைவாக இருந்தது. 9,800 அடி வரை நன்மை கூடிக்கொண்டே போயிற்று. 3,800 அடி என்பது இரண்டரை கிலோ மீட்டரை ஒட்டிய தூரம். ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளியிருக்கும் வயலுக்கு நடந்து போய் மடை பார்த்துவிட்டுத் திரும்பினாலே அதற்கு மேல் ஆகிவிடும். மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டால் ஆகாது.

நாற்காலி தனிக் கேடு

காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதிப் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடுமா? இல்லை என்றுதான் தெரிகிறது. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே கழிக்கும் முதியோருக்கு மறதி நோய் வாய்ப்பு ஏறிக்கொண்டே போவதாக, சுமார் 50,000 பேரை வைத்து நடந்த இங்கிலாந்து ஆய்வு 2023ல் தெரிவித்தது. தூங்கும் நேரம் இதில் சேராது.

எல்லா உட்காருதலும் ஒன்றல்ல என்பது இன்னும் சுவையான செய்தி. அதே நாட்டில் 2022ல் வெளியான ஆய்வில், டெலிவிஷன் முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நோய் கூடுதலாகவும், உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதேனும் செய்பவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. உடம்பு இரண்டிலும் சும்மாதான் இருக்கிறது. மூளை ஒன்றில் சும்மா இருக்கிறது, மற்றதில் வேலை செய்கிறது. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. ஆள் கூலிக் கணக்கு எழுதுவது, விதைக்கு நல்ல காயாகப் பொறுக்கி எடுப்பது, பூத் தொடுப்பது, பேரப்பிள்ளைகளோடு தாயமோ பல்லாங்குழியோ ஆடுபுலி ஆட்டமோ ஆடுவது எல்லாம் மூளையை உட்காரவிடாத காரியங்கள்.

முன்பே செய்யவேண்டியது

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாகவேண்டும். உடற்பயிற்சி மறதி நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்பவர்களை நம்பவேண்டாம். இங்கிலாந்தில் ஏற்கெனவே நோய் வந்துவிட்ட 494 பேரை வைத்து நடந்த சோதனையில், கடும் பயிற்சி கொடுத்தும் நினைவு தேய்வது நிற்கவில்லை. 2018ல் அதன் முடிவு வந்தது. உட்கார்ந்தே பழகிய 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு வருஷம் நடைப்பயிற்சி கொடுத்த அமெரிக்கச் சோதனையிலும் (2015) நினைவாற்றலில் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, பயிர் கருகிய பிறகு தண்ணீர் பாய்ச்சுவதுபோல் 75 வயதில் தொடங்கி அதிசயம் எதிர்பார்க்க முடியாது. நடுவயதிலிருந்தே விடாமல் தொடர்வதில்தான் பலன் அதிகம். நோய் வந்தவர்களும் நடக்கட்டும். கால் பலத்துக்கும், இரவுத் தூக்கத்துக்கும் அது நல்லது. ஆனால் போன நினைவு அதனால் திரும்பும் என்று வீட்டார் ஏங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த வேலையைக் கொடுப்பது, எதை வாங்குவது

பெரியவரிடமிருந்து தயங்காமல் வாங்கவேண்டிய வேலைகள் சில உண்டு. முதலாவது, மருந்து தெளிப்பது. பயிர்ப் பூச்சிமருந்துகளில் பல, பூச்சியின் நரம்பைத் தாக்கியே அதைக் கொல்கின்றன. மனித நரம்பும் அவற்றுக்கு விலக்கல்ல. தென்னை, பனை ஏறுவது, ஏணி, வழுக்கும் கிணற்றுப் படி, மூட்டை தூக்குவது, மும்முனை மின்சாரம் வந்தது என்று நடுராத்திரியில் தனியே மோட்டார் போடப் போவது இவையெல்லாமும் மகனுடைய வேலை. கீழே விழுந்து தலையில் அடிபடுவதும் மறதி நோய்க்குக் காரணங்களில் ஒன்று என்பதை மறக்கக் கூடாது. கோடையில் முற்பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் இறங்கவேண்டாம். முதியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. அவர்கள் கேட்கும் வரை காத்திராமல் தண்ணீரோ நீர்மோரோ கொடுத்தனுப்ப வேண்டும்.

கொடுக்கவேண்டியவை அதைவிட அதிகம். விடியற்காலையில் வரப்பைச் சுற்றிவந்து மடை பார்ப்பது, எலிவளை, பூச்சி தென்படுகிறதா என்று கவனிப்பது, இரண்டு சென்டில் கீரை, கத்தரி, வெண்டைப் பாத்தி, கன்றுக்குட்டியைப் பார்ப்பது, கோழி, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது. கொத்துவதற்குச் சிறு களைக்கொத்து போதும். வேலையின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வேலைக்கு நடுவில் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் அதிகம். பாட்டே வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு வாரம் 150 நிமிஷமாவது இப்படி உடல் அசையவேண்டும் என்றும், தடுமாறாமல் நிற்கவும் தசை வலுக்கவும் வாரம் மூன்று நாள் தனிப் பயிற்சி வேண்டும் என்றும் 2020ல் கூறியிருக்கிறது. கையால் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவதும், சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பதும் அதற்கு உதவும்.

வேலையோடு சேர்த்துக் கொடுக்கவேண்டியது ஒன்று உண்டு. அது யோசனை கேட்பது. எந்த நெல் போடலாம், எப்போது நாற்று விடலாம், எந்த மாட்டை விற்கலாம் என்று ஒருவரை நாற்பது வருஷம் கேட்டுவிட்டுத் திடீரென்று ஒருநாள் கேட்காமல் விட்டால், அந்த மனிதருக்கு யோசிக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அவர் சொல்வதுபோலவே செய்யவேண்டும் என்பதில்லை. கேட்பதற்குக் காசு செலவில்லை.

வீட்டுப் பாட்டிமார் விஷயம் நேர் எதிரானது. பல வீடுகளில் அவர்களுக்கு ஓய்வே கிடையாது. சமையல், மாடு, பேரப்பிள்ளை, போதாததற்குக் கூலி வேலை. 65 வயதில் அவர்களுக்கு வேண்டியது புது உடற்பயிற்சி அல்ல. பாரம் குறைந்து, பகலில் ஒரு மணி நேரம் படுப்பதும், மாலையில் அக்கம்பக்கத்தாரோடு கோயில் வரை நடந்துவருவதும்தான் வேண்டும்.

கொதிப்பை அளந்து பாருங்கள்

உழைப்பும் நடையும் மட்டும் போதாது. சீன நாட்டுக் கிராமங்களில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2025ல் வெளியானது. 326 கிராமங்களில் சுமார் 34,000 பேர், எல்லோரும் கொதிப்பு உள்ளவர்கள். பாதிக் கிராமங்களில், பெரிய டாக்டர் இல்லாமல், சிறிதளவு பயிற்சி பெற்ற ஊர் வைத்தியர்களே கொதிப்பை அளந்து, மாத்திரை கொடுத்து, கட்டுக்குள் வைத்தார்கள். நான்கு வருஷத்தில் அந்தக் கிராமங்களில் மறதி நோய் நூற்றுக்கு 15 பங்கு குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீடு தேடி வந்து கொதிப்பு, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "தலை சுற்றினால் போட்டுக்கொள்ளலாம்" என்று இருப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. கொதிப்பு தலை சுற்றாமலே மூளையைக் கெடுக்கும்.

எப்போது டாக்டரிடம் போவது? மோட்டாரை நிறுத்த ஒருநாள் மறப்பது எல்லோருக்கும் உண்டு. தன் வயலுக்குப் போகும் வழியை மறப்பதும், ரூபாய் நோட்டை எண்ணத் தடுமாறுவதும், நெருங்கிய உறவினர் பெயர் தெரியாமல் விழிப்பதும் வேறு. அப்படி வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போகவேண்டும். பி 12 என்ற வைட்டமின் குறைவாலும், தைராய்டு குறைவாலும், மனச்சோர்வாலும்கூட மறதி வரும்; இவற்றைக் குணப்படுத்த முடியும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் அது முதுமை அல்ல. காய்ச்சல், நீர் வற்றுவது, பக்கவாதம், எப்போதோ விழுந்ததில் தலைக்குள் கசிந்த இரத்தம் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

காதையும் கண்ணையும் கடைசியில் வைத்துவிடக் கூடாது. புரை விழுந்த கண்ணோடு வரப்பில் நடப்பவர் விழுவார். காது கேளாதவரிடம் வீட்டார் பேசுவதையே குறைத்துக்கொள்வார்கள். புரைக்கு அரசு மருத்துவமனைகளிலும், கிராமங்களில் நடக்கும் கண் முகாம்களிலும் இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். குறுவையோ சம்பாவோ, நடவுக்கு முன்னால் செய்துகொண்டால், பயிர் தண்டு உருளும் சமயத்தில் பெரியவர் பழையபடி வரப்பில் நடந்து போய் மடை பார்க்கலாம்.